கைபடாத இரும்பு

விஜயதசமி காலையில் செண்பகவல்லி தன் லிஃப்ட் ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பைத் திறந்ததும் காளான் வாடை முகத்தில் அடித்தது. நேற்று சரஸ்வதி படத்தின் முன்னால் சந்தனம், குங்குமம் இட்டு வைத்த கருவிகள் எல்லாம் கறுப்புக் கூழாகித் தரையில் வழிந்திருந்தன. பொரி மட்டும் அப்படியே இருந்தது.

உயிர்ப்பிடிக் கருவிகள் அவை. பூஞ்சை இழையில் வளர்த்தவை. உள்ளங்கை வியர்வைதான் அவற்றுக்குச் சாப்பாடு. கைபட்டுக்கொண்டே இருந்தால் தேயாது, உடையாது. ஒரு பகலும் இரவும் யாரும் தொடாவிட்டால், தம்மை எறிந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி மட்கிவிடும். குப்பையே சேராது என்று சொல்லி, இருந்த இரும்புக் கருவிகளையெல்லாம் அரசாங்கம் வாங்கி உருக்கிவிட்டது.

கருவிகளை விற்ற கம்பெனியின் அதிகாரி நிரஞ்சனைப் போனில் கூப்பிட்டாள்.

“எல்லாம் போச்சுங்க சார்.”

“பூஜை போட்டீங்களா?”

“போடாம? அன்னிக்கு ஆயுதத்தைத் தொடமாட்டோம்னு விக்க வந்தப்பவே சொன்னனுங்களே. சிரிச்சீங்க.”

“தொடாதது உங்க தப்பும்மா. கேரண்டி கிடையாது. காலையிலேர்ந்து ஊரே இதத்தான் புலம்புது. புதுசு வளர ஒரு மாசமாகும்.”

“அதுவரைக்கும் லிஃப்டை எல்லாம் பல்லால கழட்டட்டுங்களா?”

அவன் வைத்துவிட்டான்.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. “ஆபீஸ் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேம்மா. கூட என் பொண்ணு. அவளுக்கு வீசிங் இருக்கு.”

“உங்க பையில சாம்பிள் ஸ்பேனர் இருக்குமே?”

பையைத் திறக்கும் சத்தம். பிறகு கை கூழில் பட்ட சத்தம்.

“நேத்து எனக்கு லீவும்மா.”

அப்பா மேல் இருந்த ஆத்திரத்தைக் குழந்தையிடம் காட்ட முடியுமா? ஓடினாள். ஒரு நட்டைக் கழற்றினால் திறக்கிற கதவு. நகத்தால் முயன்றாள், நகம்தான் போனது. உள்ளே பெண்ணின் மூச்சு விசில் போல் கேட்டது.

தெருமுனையில் முனியப்பன் கோயில். சாமி ஆயுதத்தில் கைவைக்க அரசாங்கத்துக்கும் பயம். அதை மட்டும் விட்டுவைத்திருந்தது. மழையிலும் வெயிலிலும் நின்ற சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, கதவிடுக்கில் கொடுத்து நெம்பினாள். கதவு பிளந்தது.

நிரஞ்சன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். காற்றுப் பட்டதும் குழந்தைக்கு மூச்சு சீரானது. அப்போதுதான் அவன் செண்பகவல்லி கையில் இருந்ததைப் பார்த்தான்.

“இது... இரும்பாச்சே.”

செண்பகவல்லி சூலத்தை அவன் கையில் திணித்தாள்.

“கொண்டுபோய் இருந்த எடத்துல நட்டுட்டு வாங்க. பூசாரிகூடத் தொடாத ஆயுதமுங்க. பயப்படாம விட்டுட்டு வரலாம். நாளைக்கும் இருக்கும்.”