குண்டூசியும் டிச் பட்டனும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. காலை மடக்கிக்கொண்டால் இன்னும் நாலு பேர் உட்காரலாம். சண்டைக்குப் போய்த் திரும்பிய ஓர் அண்ணனையும், அவனைச் சட்டை போட வைத்த தங்கையையும் பற்றிச் சொல்லப் போகிறேன்.

தங்கையை எல்லாரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா தையல்காரர். மகளோ ஒல்லி, வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் விடமாட்டாள். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அண்ணன் ராணுவத்தில் இருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத வயது. ஒருநாள் அவர்கள் பதுங்கியிருந்த பள்ளத்துக்குள் ஒரு கையெறி குண்டு வந்து விழுந்தது. எல்லாரும் திகைத்து நின்றபோது, அவன் மட்டும் பாய்ந்து அதை எடுத்து வெளியே வீசினான். கூட இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவனும் பிழைத்தான். வலது கை மட்டும் வீடு திரும்பவில்லை.

அவனுக்குப் பதக்கம் கொடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற துணிகளை ஒதுக்கிவிட்டு, விழாவுக்கான உடுப்பைத் தானே தைத்தார். தைத்தவர் சும்மா இருந்தாரா? வலது சட்டைக்கைக்குள் பஞ்சை அடைத்து, நுனியில் கையுறை மாட்டி, நிஜக் கை போலவே தொங்கவிட்டார்.

விழா அன்று காலையில் அண்ணன் அதைப் பார்த்தான். பஞ்சுக் கையை இடது கையால் தூக்கிவிட்டான்; அது தொப்பென்று விழுந்தது.

"இல்லாத கையை இருக்கிற மாதிரி காட்டிக்கிட்டு நான் எப்படிப்பா மேடை ஏறுவேன்?"

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. யாரும் உன்னை வெறித்துப் பார்க்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்று முணுமுணுத்தபடி பஞ்சைப் பிடுங்கினார். சட்டைக்கையை மடித்துத் தைத்துக் கொடுத்தார். அப்போதும் அண்ணன் வர மறுத்தான். பதக்கத்தை நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சட்டையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

குண்டூசி சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள். தப்புதான், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே அண்ணன் இடது கையால் ஒரு பித்தளைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தடித்த துணி. பொத்தான் வழுக்கி வழுக்கிப் போனது.

தினமும் அம்மாதான் அவனுக்குப் பொத்தான் போட்டுவிடுவாள். அப்போதெல்லாம் அவன் ஏன் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான் என்பது குண்டூசிக்கு இப்போது புரிந்தது.

தையல் அறைக்கு ஓடினாள். அளவு நாடாவால் தன் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டு, அப்பாவின் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுப் பார்த்தாள். முடியவில்லை. பல்லால் இழுத்தாள். கோட்டு நனைந்ததுதான் மிச்சம். அப்போது, கொடியில் தொங்கிய குழந்தைச் சட்டை கண்ணில் பட்டது. அதில் இருந்தவை டிச் பட்டன்கள். ஒரு விரலால் அமுக்கினால் போதும், 'டிக்' என்று ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் திடுக்கிட்டார். "அது பால் குடிக்கிற குழந்தைக்குப் போடறதும்மா. ராணுவ உடுப்புல போட்டா ஊரே சிரிக்கும்."

"பித்தளைப் பொத்தான் மேலே இருக்கட்டும்பா. அடியில மட்டும் இதை வைப்போம்."

கதவைத் தட்டிச் சட்டையை வாங்கி வந்தார்கள். அப்பா தைக்க, குண்டூசி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். திரும்பக் கொண்டுபோனபோது அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"பஞ்சு மாதிரி இதுவும் ஏமாத்துதானே, குண்டூசி?"

"இல்லண்ணா. பஞ்சு உன் கை இல்ல. ஆனா இந்தப் பட்டனைப் போடப் போறது உன் கைதான்."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. வெளியே மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். டிக். டிக். டிக். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணன் காப்பாற்றிய தோழர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். தளபதி பதக்கத்தைக் குத்தப் போனபோது சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். டப்! நெஞ்சுப் பட்டன் திறந்துகொண்டது. தளபதி பதறிக் கையை நீட்டினார்.

"பரவாயில்லைங்க ஐயா, நானே போட்டுக்கறேன்" என்றான் அண்ணன்.

இடது கை விரலால் அமுக்கினான். டிக். மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. முதல் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. கை போனதிலிருந்து சிரிக்காத அண்ணன், அன்றைக்குத்தான் பல் தெரியச் சிரித்தான்.

நல்லா இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரட்டும். அவர்களோடு உட்கார்ந்து வாயடிக்க, வீட்டுக்கு ஒரு குண்டூசியும் இருக்கட்டும்.