தொட்டியில் விழுந்த வண்டுகள்

அந்தக் கோடையில் மேய்ச்சல் மலையில் ஒரே ஒரு கூடாரம்தான் இருந்தது. அது பெர்மெத்தின் வீட்டுக் கூடாரம். அவளுடைய தோழி ஐசாதாவின் குடும்பம் ஆடுகளை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டது.

அப்பா விடிந்ததும் மந்தையோடு கிளம்பிவிடுவார். அம்மாவுக்குப் பெண் குதிரைகளிடம் பால் கறக்கவே பொழுது சரியாக இருக்கும். பெர்மெத் பேசுவதற்கு இருந்தது ஒரு வண்டு மட்டும்தான். அதைத் தேயிலை டப்பாவில் வைத்திருந்தாள்.

“இன்னைக்கும் யாரும் வரல,” என்று அதனிடம் சொல்வாள். வண்டு மீசையை ஆட்டும்.

ஒருநாள் நாஸ்கென் என்ற அக்கா வந்து ஓடைக்கரையில் சின்னக் கூடாரம் போட்டாள். பகலெல்லாம் கற்களைப் புரட்டினாள்.

“எதைத் தொலைச்சீங்க அக்கா?” என்று பெர்மெத் கேட்டாள். 

“தொலைக்கல, தேடுறேன். பூச்சிகளை ஆராயுறதுதான் என் வேலை,” என்று நாஸ்கென் சிரித்தாள். அவள் பெட்டியில் கருவண்டுகள் வரிசையாக இருந்தன. “இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலன்னு நினைக்கிறேன். ஆனா கிடைச்சதெல்லாம் ஆண். முன்னங்கால் பாதம் எவ்வளவு அகலம் பாரு! பெண்ணையும் பார்த்தாத்தான் சரியா எழுத முடியும். நாளைக்கு நான் கிளம்பணும்.”

பெர்மெத் ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த வண்டுக்குப் பாதம் ஒல்லியாக இருந்தது.

“பெண்ணேதான்!” நாஸ்கென் ஒரு குப்பியை எடுத்தாள்.

“அது எதுக்கு?”

“இதுல போட்டா தூங்கிடும்.”

“அப்புறம் எழுந்திருக்குமா?”

நாஸ்கென் கொஞ்சம் தயங்கினாள். “எழுந்திருக்காது.”

பெர்மெத் டப்பாவைப் பட்டென்று மூடினாள். “எனக்குப் பேச இது மட்டும்தான் இருக்கு.”

“அப்போ நீயே வச்சுக்கோ,” என்றாள் நாஸ்கென். ஆனால் அவள் முகம் வாடிவிட்டது.

அந்த முகம் பெர்மெத்தை விடவில்லை. திரும்பும் வழியில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் கை கழுவக் குனிந்தாள். அடிச்சேற்றில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. துழாவி எடுத்தாள். மூழ்கி இறந்த வண்டுகள்! சிலவற்றுக்குப் பாதம் ஒல்லி! அள்ளிக்கொண்டு நாஸ்கெனிடம் ஓடினாள்.

“அக்கா, இதெல்லாம் ஏற்கெனவே தூங்கிடுச்சு!”

நாஸ்கென் உருப்பெருக்கியில் பார்த்துத் துள்ளினாள். “காலு, மீசை எல்லாம் முழுசா இருக்கு! வா, பார்த்துச் சொல்லு, நான் எழுதுறேன்.”

“முதுகுல வரிவரியா குழி. காலு செம்பழுப்பு. ஆளு முரடு மாதிரி தெரியும், ஆனா சாது.”

“கடைசியா சொன்னதை ஆராய்ச்சிக் கட்டுரையில சேர்க்க விடமாட்டாங்களே!” என்று நாஸ்கென் சிரித்தாள்.

மறுநாள் நாஸ்கெனின் வண்டி வந்தது. “மத்த வண்டுகளோட ஒப்பிட்டுப் பார்க்கணும். பேர் வைக்க நாளாகும். வச்சதும் சொல்லி அனுப்புறேன்,” என்று சொல்லிவிட்டு ஏறினாள். வண்டி வளைவில் மறைந்தது. மலை மறுபடியும் அமைதியானது.

பெர்மெத் ஒரு கல்லருகே டப்பாவைத் திறந்தாள். “இங்க உன் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. போ.”

வண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் நுழைந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

பிறகு தட்டையான ஒரு கல்லைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னடி பண்ற?” என்று கேட்டாள் அம்மா.

“படி போடுறேன்மா. வண்டு உள்ள விழுந்தா ஏறி வரட்டும்.”

அம்மா அவளையே பார்த்தாள். பால் வாளியைக் கீழே வைத்தாள்.

“தள்ளு, அந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். எந்த வண்டு, என்ன கதைன்னு முதல்லேருந்து சொல்லு.”

பெர்மெத் சொல்ல ஆரம்பித்தாள். கல்லைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்த பிறகும் அவள் கதை முடியவில்லை. அம்மாவும் எழுந்து போகவில்லை.