இரண்டு தட்டினால் தூக்கு

அன்று தம்பி விளக்குக் கேட்கவில்லை.

காருக்கு அடியில் நுழைந்த மறுநிமிடமே கேட்கிறவன் அவன். "அண்ணே, லைட்டை இந்தப் பக்கம் தள்ளு, ஒரு எழவும் தெரியல" என்பான், பட்டப்பகலாக இருந்தாலும். அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியபோது, படுத்தபடி வேலை செய்கிற சக்கரப் பலகை ஏற்கெனவே காருக்கு அடியில் போயிருந்தது. இரண்டு பாதங்கள் மட்டும் நிழலில் மங்கலாகத் தெரிந்தன. விளக்கு சுவர் ஆணியில் அணைந்தபடி தொங்கியது.

திமிர் என்று நினைத்தார் அண்ணன். காலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனவன், திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இருட்டில் தடவித் தடவிச் செய்யட்டும். கேட்காதவனுக்கு விளக்குப் பிடிக்க வேண்டும் என்று இவருக்கு என்ன தலையெழுத்தா?

சண்டை அந்தக் காரால்தான் வந்தது. அப்பா விட்டுப்போன கார். அதன் இன்ஜின் செத்து இரண்டு வருஷமாகிறது. இந்தக் காலத்து இன்ஜின் ஒன்று, சின்னதாக, அடக்கமாக, தன் கம்ப்யூட்டர் பெட்டியோடு மூலையில் பிளாஸ்டிக் தாளுக்குள் உட்கார்ந்திருந்தது. அதை இதில் பொருத்த ஒரு மாதமாக இருவரும் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றியாயிற்று. ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் ஒட்டித் தம்பி தன் குண்டு எழுத்தில் பெயர் எழுதியாயிற்று. பழைய இன்ஜினைத் தூக்குவதுதான் பாக்கி. அன்று காலை கடைசியாக ஒருமுறை அளந்து பார்த்தபோது, புதியது இன்ஜின் அறையின் உள்தகட்டில் நான்கு விரற்கடை இடிக்கும் என்று தெரிந்தது.

"உள்தகட்டை வெட்டணும்ணே" என்றான் தம்பி.

"அப்பா வண்டியில ரம்பம் வச்சே, கையை ஒடிச்சிருவேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் எதைச் சொன்னோம் என்று அண்ணனுக்கு உறைத்தது. தம்பி தன் இடது கையைப் பார்த்தான். அதில் மூன்று விரல்கள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஷெட்டில், வேறொரு வண்டியின் கியர் பாக்ஸை இறக்கும்போது, கீழேயிருந்து அவன் "இருண்ணே, இருண்ணே" என்று கத்தக் கத்த, ஏதோ உப்புப் பெறாத விஷயத்துக்குத் திட்டிக்கொண்டே அண்ணன் பாரம் தூக்கும் கப்பியின் செயினை இழுத்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எல்லாரும் சொன்னார்கள். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு புது முறை வைத்தான்.

"நீ கோவத்துல இருந்தா, வாயால சொல்றது உன் காதுல ஏறாது. இனிமே ஸ்பேனரால தட்டறேன். ரெண்டு தட்டினா தூக்கு. மூணு தட்டினா இறக்கு. ஒண்ணு தட்டினா அப்படியே நில்லு."

அதிலிருந்து அடியில் அவன், செயினில் இவர். பேச்சே வேண்டியதில்லை. சண்டை போட்ட நாட்களில்கூட வேலை நடந்துவிடும்.

டங். டங்.

அண்ணன் செயினைப் பிடித்து இழுத்தார். பழைய இன்ஜின் முனகிக்கொண்டு ஒரு விரல் அளவு எழுந்தது. டங். நிறுத்தினார். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. கூரை சூட்டில் படபடத்துக்கொண்டிருந்தது. ஆனால் காருக்கு அடியிலிருந்து கணுக்காலில் படுகிற காற்று மட்டும், நெடுநாள் மூடிவைத்த கிணற்றைத் திறந்த மாதிரி, ஈரமும் குளிருமாக வந்தது. எண்ணெய் வாடையே இல்லை. இருபது வருஷத்தில் இந்த ஷெட்டில் எண்ணெய் வாடை இல்லாத நாள் ஒன்று உண்டா என்று அவருக்கு ஞாபகமில்லை.

ஒரு போல்ட் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. துருப்பிடித்துப்போன போல்ட்டுகள் அவை. ஒவ்வொன்றையும் அசைக்க அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் ஆறு வந்துவிட்டன. அத்தனையும் பளபளவென்று துடைத்திருந்தன. உருண்டு வந்தவை தாமாகவே ஒரு வரிசையில் நின்றன.

"இவ்வளவு வேலை தெரிஞ்சவன் இத்தனை நாளா என்னத்தப் புடுங்கிட்டிருந்த?" என்றார் அண்ணன்.

தம்பி கழற்றுகிற போல்ட்டை இதுவரை துடைத்ததே இல்லை. பெயிண்ட் டப்பாவில் வீசுவான். குத்திக்காட்டுகிறான், தான் எவ்வளவு ஒழுங்கு என்று. அண்ணனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்த எரிச்சலுக்கு அடியில் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. அதை எப்படியாவது இறக்கிவைத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"டேய். காலைல சொன்னது... வாயில வந்துருச்சு. விரல் போனதும் என்னாலதான். மூணு வருஷமா சொல்லணும்னு இருக்கேன், வர மாட்டேங்குது. மன்னிச்சிருடா."

வாழ்நாளில் அவர் யாரிடமும் கேட்காத மன்னிப்பு. அடியில் எல்லாம் நின்றுபோயிருந்தது, ஒரு பெரிய காது திறந்து கேட்பது போல. பிறகு,

டங். டங்.

அவ்வளவுதானா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷன் இவ்வளவு இறங்கி வந்து பேசுகிறான், ஒரு 'ம்' கூடக் கிடையாதா? தரையில் கிடந்த பெரிய ஸ்பேனரைக் காலால் எத்தி அடியில் தள்ளினார். ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது. இடது கை. செயினை இழுத்தார். இன்ஜின் இன்னும் ஒரு முழம் எழுந்தது. ஏதோ ஒன்று சரியில்லை. கையில் அழுக்கே இல்லை. அதுவா? இல்லை. ஸ்பேனரைப் பிடித்த விதம். நன்றாக இறுக்கி, வளைத்து, முழுசாக.

ஐந்து விரல்.

செயின் கையிலிருந்து நழுவியது. பாதங்களைப் பார்த்தார். வெறுங்கால். தம்பி ஷூ இல்லாமல் ஷெட்டுக்குள் வரமாட்டான்.

பாக்கெட்டில் போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, கோவத்துல சொல்லாம வந்துட்டேன். லேத் பட்டறையிலதான் காலைலேர்ந்து நிக்கிறேன். வெட்ட வேணாம்ணே, இன்ஜினைத் தாங்கற பிராக்கெட்டை மாத்திச் செஞ்சா இடிக்காது. செஞ்சு வாங்கிட்டேன், வர்றேன். நீ தனியா இன்ஜினைத் தூக்காத."

டங். டங்.

"அங்க யாருண்ணே தட்டறது?"

அண்ணன் பின்னோக்கி நடந்தார். அவர் வாயில் வந்தது ஒரே ஒரு குரல்தான், அவருக்குத் தெரிந்த ஒரே குரல், அதட்டல்.

"வராத. இந்தப் பக்கம் காலை வச்சே, நடக்கறது வேற. வீட்டுக்குப் போடா."

"அது எனக்கும் அப்பா விட்டுட்டுப் போன ஷெட்டுதான்" என்று தம்பி சொல்லிவிட்டு வைத்தான்.

தெருவுக்கு ஓடி, ஷட்டரை இழுத்துவிட்டு, பூட்டை அமுக்கினார். சாவி உள்ளே, விளக்குத் தொங்குகிற அதே ஆணியில். மறுபடி மறுபடி தம்பிக்கு அடித்தார். எடுக்கவில்லை. எடுக்க மாட்டான், அண்ணன்காரன் கத்துவதற்குத்தான் அடிக்கிறான் என்று தெரியுமே. இருபது வருஷம் அப்படித்தானே அடித்திருக்கிறார். தெருமுனையையே பார்த்தபடி நின்றார். வந்தால் கட்டிப்பிடித்தாவது நிறுத்திவிடுவது.

பைக் சத்தம் ஷெட்டுக்குப் பின்னால் கேட்டது.

அண்ணன் மறந்தே போயிருந்த பின்சந்துக் கதவு திறந்தது. சாத்தியது. நாய் நுழைகிறது என்று தம்பி எப்போதும் போடுகிற தாழ்ப்பாள், இன்றும் விழுந்தது.

அண்ணன் தரையில் குப்புற விழுந்து ஷட்டருக்குக் கீழே இருந்த இடுக்கில் கண்ணை வைத்தார். தம்பியின் ஷூக்கள் தெரிந்தன. காருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. அடியில் வெறும் இருட்டு, அந்த வெறுங்கால்களைக் காணோம்.

"தனியாவே தூக்கிட்டியா?" உள்ளேயிருந்து தம்பி கேட்டான். "பாதியில தொங்கவிட்டுட்டுப் போயிருக்க. சொன்னேனே."

"வெளிய வாடா. அடியில போகாத. அடியில யாரோ இருக்கான்டா."

"காலைல கையை ஒடிப்பேன்னு சொன்ன. இப்பப் பூச்சாண்டி காட்டறியா?"

"டேய், சொல்றதைக் கேளுடா நாயே." ஷட்டரை ஓங்கி ஓங்கிக் குத்தினார். விரல் முட்டியில் தோல் பிய்ந்தது. கெஞ்ச வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் வசவுதான் வந்தது.

"கத்தாதண்ணே" என்றான் தம்பி, அலுப்பாக. "கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு. எந்த போல்ட் பாக்கின்னு பாத்துட்டு வந்துர்றேன்."

முழங்கால்கள் தரையில் ஊன்றின. கைகள். குனிந்த தலை. பிறகு தோள்கள் அடியில் போயின. இடுப்பு.

"பலகை எங்..."

சக்கரம் மெதுவாகக் கிரீச்சிட்டது.

ஷூக்கள் உள்ளே போயின. இழுபடவில்லை. உதறவில்லை. போயின.

"டேய்."

இடுக்கில் கன்னத்தை அழுத்தினார்.

"தம்பி. கண்ணு. மன்னிச்சிருடா." வந்துவிட்டது. இப்போது வந்துவிட்டது.

உள்ளே துணியால் எதையோ துடைக்கிற சத்தம். பொறுமையாக. சுத்தமாக.

இருட்டிலிருந்து ஒன்று உருண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றது. தம்பியின் கைக்கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து மூக்குக்கண்ணாடி. பெல்ட்டின் பக்கிள். சட்டைப் பித்தான்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் துடைத்து வைத்தவை.

துடைக்கிற சத்தம் மறுபடி கேட்டது. பிறகு ஒரு பல் வந்தது. வெள்ளையாக, ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல். அதன் பக்கத்தில், இடைவெளி பிசகாமல், இன்னொன்று.