பொட்டு வைத்த செம்பனை

ரெங்கம் எண்ணெய்த் தோட்டத்துச் செம்பனைகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே இருட்டு. அந்த இருட்டில் ஒரு பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு, பட்டையில் காது வைத்து நின்றால்... பிராண்டன் இரண்டடி பின்வாங்கினான்.

இத்தனைக்கும் அவன் சாதாரண ஆளில்லை. சிங்கப்பூர் கம்பெனியின் பயிர்நல ஆலோசகர். ட்ரோனை மேலே அனுப்பிவிட்டுக் கீழே கோப்பி குடிப்பவன். வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போடுவதும் அவனே. போன வாரம் கடையில் கிடைத்தது மஞ்சள் பெயிண்டும் சிவப்புப் பெயிண்டும். இந்த மரத்தைச் சுற்றிலும் மஞ்சள் பட்டை, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. கத்தோலிக்கப் பிள்ளை... அது மஞ்சள் குங்குமமாகத் தெரியும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

மறுநாளே தோட்டத்து ஜனங்கள் அதற்குச் சேலை கட்டிவிட்டார்கள். வெட்ட யாரும் வரவில்லை. அவன் அங்கே நின்று தலைகுனிந்து போன் பார்த்ததைக் கும்பிடுவதாக எண்ணிய காளியம்மா, பூஜைக்குத் தலைமை தாங்குபவள், “தம்பிக்குத்தான் முனி முதல்ல காட்சி குடுத்திருக்கு” என்று பொன்னாடை போர்த்தினாள். வாழ்க்கையின் முதல் பொன்னாடை. மறுக்க மனம் வருமா?

“தட்டிப் பாருங்க,” என்றாள் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தவள், திரும்பாமலே.

தட்டினான். உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தது போல் ஒரு பதில் வந்தது.

அவள் திரும்பினாள். மழைக்கு முந்திய வானம் போல இருண்டு, ஈரமாய்ச் சிரிக்கும் கண்கள்... “ரூபினி. குளுவாங் ஆய்வுக்கூடம். காளான் சாம்பிள் எடுக்க வந்தேன். காட்சி கண்ட சாமியார் நீங்கதானா?”

“கன்சல்டன்ட்.”

“ரெண்டும் ஒன்னுதான் லா.” நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். “மஞ்சள்ல பெயிண்ட் தின்னர் வாசம் வருது.”

அவன் வானத்தைப் பார்த்தான்.

“அடில சிவப்பா தட்டு மாதிரி காளான் பாருங்க. வேர் வழியா வந்து உள்ள தின்னுடுச்சு.”

“மேல பச்சையாத்தானே இருக்கு?”

“அதான் பயம். செடிங்க ஜீன்ல காவல்காரன் உண்டு. பூஞ்சையோட புரதம் ஒன்னைக் கண்டா ஊரைக் கூட்டுவான். சில பூஞ்சை அந்தப் புரதத்தோட ஜீனையே தொலைச்சிட்டு வரும். காவல்காரன் பக்கத்துலயே நிப்பான்... தெரியாது.” குரல் தாழ்ந்தது. “இந்தக் காளான் எப்படி ஏமாத்துதுன்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா இந்த மரம் இந்த வாரம் தாங்காது. சாயங்காலம் பூஜையில பிள்ளைங்கள இதுக்குக் கீழதான் உக்கார வைப்பாங்க. பெயிண்டுன்னு சொல்லிடுங்க.”

“பூஜைக்கு நான்தான் சிறப்பு விருந்தினர், மிஸ்... எப்படிச் சொல்றது?”

அவள் கண்ணில் இருந்த சிரிப்பு அணைந்தது. “சரி, போங்க.”

அந்த இரண்டு சொல் பகல் முழுக்க அவனை வாட்டியது.

சாயங்காலம். மழை ஓலைகளின் மேல் சடசடத்தது. கீழே ஒரு துளிகூட இறங்கவில்லை. காளியம்மா மைக்கை நீட்டினாள். ரூபினி பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையும் அசையவில்லை.

“இது சாமி இல்ல,” என்றான் பிராண்டன். “பெயிண்ட். வெட்டறதுக்காக நான் அடிச்சது. உள்ள காலி.”

“தம்பி, குடிச்சிருக்கீங்களா?” என்றாள் காளியம்மா.

அவன் மைக்கைப் பட்டையில் அழுத்திப் பிடித்துத் தட்டினான். அந்தக் கனைப்பு ஒலிபெருக்கியில் ஏறித் தோட்டம் முழுக்கப் பரவியது... எந்த வரிசையிலிருந்து வருகிறது என்றே தெரியாமல். ஜனம் எழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடியது. பிராண்டனும் மைக்கோடு ஒதுங்கினான்.

காற்றே இல்லை. மரம், யாரோ கூப்பிட்டது போல, மெதுவாகச் சாய்ந்து படுத்தது. முறியும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிளந்த தண்டுக்குள் வெறும் இருட்டு.

“பொன்னாடையைக் குடுங்க,” என்றாள் காளியம்மா. கொடுத்தான். அவள் அதைச் சாய்ந்த மரத்துக்கே போர்த்திவிட்டுப் போனாள்.

மழை இப்போதுதான் கீழே வந்து சேர்ந்தது. ரூபினி அருகே வந்து நின்றாள்.

“கை நடுங்குது, சாமியாரே.”

“மரத்துக்காகன்னு நெனச்சீங்களா? காலையில ‘போங்க’ன்னீங்களே... அப்போலேருந்து நடுங்குது. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு, ரூபினி.”

புடிச்சிருக்கு ரூபினி... ரூபினி... என்று செம்பனை வரிசைகளுக்குள்ளிருந்து யாரோ திருப்பிச் சொன்னார்கள். இருவருக்கும் மயிர் கூச்செறிந்தது.

அவள் அவன் கையைப் பார்த்தாள். நனைந்த இமைகளுக்குக் கீழே சிரிப்பு திரும்பி வந்தது.

“அலமாக்... மைக்கை அணைச்சிட்டுச் சொல்லுங்க,” என்றாள் மெல்ல. “எனக்கு மட்டும், இன்னொரு தடவை.”