ஆறு நிமிட டாக்டர்

தொப்பியைத் தலையில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பொற்கொடி மூடவில்லை. இந்த டாக்டர் பட்டத்துக்காகச் சிறுவரைக்குளத்திலிருந்து புறப்பட்டு, மூன்று விமானம் மாறித் தான்சானியாவுக்கு வந்திருக்கிறார். அதைக் கண்ணை மூடிக்கொண்டா வாங்குவது? எதிரே கிசிவாணிப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஆயிரம் பேர். சொந்த ஊரிலோ குளக்கரைப் பெருந்திரையின் முன்னால் பாதி நகராட்சி உட்கார்ந்து நேரலை பார்த்துக்கொண்டிருந்தது.

பார்வைக்கு அது பட்டமளிப்பு விழாக்களில் எல்லாரும் அணிகிற சதுரத் தொப்பிதான். ஒரு காலத்தில் இந்தப் பல்கலைக்கழகமும் வருகிற பிரமுகர்களுக்கெல்லாம் மதிப்புறு முனைவர் பட்டத்தை வாரி வழங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் முட்டி மோதிப் படித்த மாணவர்கள் கொதித்துப்போய், பட்டம் கொடுத்தால் படிப்பையும் சேர்த்துக் கொடுங்கள் என்று வாசலை மறித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் தொப்பிக்குள் இருக்கும் இந்த அறிவேற்றி. ஆறே நிமிடத்தில் ஒரு துறையின் மொத்த அறிவையும் மண்டைக்குள் இறக்கிவிடும். ஆனால் வெறும் மண்டையில் அது தங்காது. அந்தத் துறையில் தானே செய்த காரியங்கள் இருக்க வேண்டும். அவற்றைக் கொக்கியாகப் பிடித்துக்கொண்டுதான் அறிவு உள்ளே மாட்டும். ஆகவே மாணவர்களுக்கு அது உதவவில்லை. பிரமுகர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பொற்கொடிக்குக் கொக்கிகளுக்கா பஞ்சம்? பன்னிரண்டு வருடம் நகராட்சித் தலைவர். சேறும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்த ஊர்க் குளத்தின் தரைக்குக் கான்கிரீட் போட்டு, கரைக்கு டைல்ஸ் ஒட்டி, நடுவில் வண்ண விளக்கோடு நீரூற்று வைத்தவர். கோடையிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். ‘நீர் காத்த நாயகி’ என்று பத்திரிகைகள் எழுதின. அதற்காகத்தான் நீரியலில் இந்த முனைவர் பட்டம். கீழத்தெருக்காரர்கள் மட்டும், குளம் நிறைந்திருக்க எங்கள் கிணறு ஏன் வற்றியது என்று வருடா வருடம் மனுக் கொடுத்தார்கள். நிபுணர் யாராவது சொல்லட்டும், மறுநாளே தரையைப் பேர்த்துவிடுகிறேன் என்று பொற்கொடியும் வருடா வருடம் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். இரண்டு மாதத்தில் தேர்தல். ‘நீர் காத்த நாயகி டாக்டர் பொற்கொடி’ என்று நாற்பதடிப் பேனரை அவருடைய கணவர் மாசானமுத்து நேற்றே கட்டிவிட்டார்.

ஒரேயொரு விஷயம்தான் அவருக்கு விளங்கவில்லை. இங்கே பட்டம் வாங்கியவர்களின் பழைய காணொளிகளில் எல்லாரும் ‘நன்றி’ என்று ஒரே சொல்லில் ஏற்புரையை முடித்திருந்தார்கள். ஒரு வேளாண் அமைச்சர் அதையும் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போனவர் அப்படியே விமானம் ஏறிவிட்டார். எவ்வளவு அடக்கமான மனிதர்கள் என்று வியந்துகொண்டே, பொற்கொடி பதினான்கு பக்க ஏற்புரை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

தொப்பி லேசாகச் சூடேறியது.

முதல் நிமிடத்தில் மண்டைக்குள் மழை வந்தது. மழை எப்படி மண்ணுக்குள் இறங்குகிறது, மணலில் எப்படி ஓடுகிறது, களிமண்ணில் எப்படித் தயங்குகிறது, பாறை இடுக்கில் எத்தனை வருடம் தங்குகிறது என்பதெல்லாம் நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்து ஓடியவர் அவர். இப்போது சமன்பாடுகள் ஒவ்வொன்றாக அவிழ, சந்தோஷம் தாங்காமல் மேடையிலேயே சிரித்துவிட்டார். இவ்வளவு அழகாக இருக்குமென்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!

நான்காவது நிமிடத்தில் அறிவு குளத்துக்கு வந்தது. கான்கிரீட் தரையைத் தொட்டு, அதற்குக் கீழே காய்ந்து கிடந்த மண்ணைக் காட்டியது. அங்கிருந்து கீழத்தெருவுக்குப் போய்க் கிணறு கிணறாக எட்டிப் பார்த்தது. பொற்கொடியின் சிரிப்பு நின்றது. வெட்கம் காதுவரை ஏறியது.

தொப்பியைக் கழற்றினார்கள். பதினான்கு பக்கமும் கையில் இருந்தது. ‘நன்றி’ என்று சொல்லி இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, பேனர் கிழியாது, தேர்தலும் போகாது. அந்த அடக்கமான மனிதர்களெல்லாம் ஏன் அவ்வளவு சுருக்கமாகப் பேசினார்கள் என்று இப்போது புரிந்துவிட்டது. ஆனால் இத்தனை அழகான ஒன்றைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. தாள்களை மடித்து வைத்துவிட்டு நேரலைக் கருவியைப் பார்த்தார்.

“ஊருக்கு ஒரு சேதி சொல்லுதேன். நான் குளத்தக் காப்பாத்தல, தொட்டியாக்கிட்டேன். குளம்னா, தனக்கு வந்த தண்ணிய அடிவழியா ஊருக்கும் ஊட்டும். தொட்டி எல்லாத்தையும் தனக்குன்னு வச்சுக்கிடும். கீழத்தெருக் கிணறு வத்துனது நான் போட்ட தரையாலதான். எனக்கு இந்தப் பட்டம் வேண்டாம்.”

துணைவேந்தர் நீமா மொலெல் எழுந்து வந்து சுவாகிலியில் பேசினார். பொற்கொடி பேசியதைச் சுவாகிலியாக்கி அரங்கத்துக்குச் சொன்ன அவர் காதுச் செவிபெயர்ப்பி, இதைத் தமிழாக்கித் தந்தது. செய்தி வாசிக்கிற தமிழ் பிடிக்காமல் அவர் அதை நெல்லைப் பேச்சுக்கு மாற்றி வைத்திருந்தார்.

“அம்மா, பட்டத்த மறுக்கணும்னா அந்தத் துறை முனைவர் ஒருத்தர் பரிந்துரைக்கணும். அது எங்க விதி. உங்க பரிந்துரைய ஏத்துக்கிட்டா நீங்க முனைவர்னு ஆகுது. நீங்க முனைவர் இல்லன்னா பரிந்துரையே செல்லாது. எப்படிப் பாத்தாலும் மாட்டிக்கிட்டீங்க.”

சொல்லி முடிக்கவும் துணைவேந்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாணவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவர் தன் வாழ்நாள் சாதனையைத் தானே ஆறு நிமிடத்தில் தவறென்று நிறுவியதை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆய்வு என்றால் இதுதான் என்று முன்வரிசையிலிருந்த பேராசிரியர்களும் சேர்ந்து தட்டினார்கள். பொற்கொடிக்குக் கண் கலங்கியது.

அப்போது மாசானமுத்துவிடமிருந்து செவிபெயர்ப்பியிலேயே அழைப்பு வந்தது. மேடையிலேயே எடுத்தார்.

“ஏங்க, பேனரக் கழட்டிருங்க.”

“எப்படிக் கழட்ட? ஊர்க்காரங்க ஏறிட்டாங்க. ‘நீர் காத்த நாயகி’ய மட்டும் வெட்டி எடுத்துட்டு, டாக்டர அப்படியே விட்டுட்டாங்க. நிபுணர் சொல்லியாச்சு, நாளைக்கே தரையப் பேக்கணும்னு கீழத்தெரு மொத்தமும் கடப்பாரையோட நிக்குது. ஒரே கொண்டாட்டம்.”

“ஓட்டு?”

“அத விடு கொடி. இவங்க வேற ஒண்ணு கேக்காங்க.” அவர் குரல் தயங்கியது. “பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, சாக்கடை, எல்லாம் நீ கட்டுனதுதான? வந்தது வந்துட்ட, அப்படியே அதுக்கெல்லாம் ஒவ்வொரு பட்டம் வாங்கிட்டு வரச் சொல்லுதாங்க.”

செவிபெயர்ப்பி அதையும் சுவாகிலியாக்கி அரங்கம் முழுக்க ஒலிபரப்பிவிட்டது. மாணவர்களின் சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பொற்கொடி தொப்பியைத் திரும்ப வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்கு அடுத்துப் பட்டம் வாங்கக் காத்திருந்த இரண்டு அமைச்சர்களும் ஒரு வங்கித் தலைவரும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.