இஷ்தியாக் பாயின் 1939

"என் ரூபாயைத் திருடிட்டு, அதே எடத்துல போலியை வெச்சிட்டுப் போய்ட்டாங்க, மேடம்!"

சப்-இன்ஸ்பெக்டர் அமிர்தவள்ளி செருப்பைக் கழற்றுவதற்குள் இஷ்தியாக் அகமது இதை மூன்று தடவை சொல்லிவிட்டார். ஆம்பூரில் தோல் தொழிற்சாலை நடத்தி, அதை மகன் நவீத் கையில் ஒப்படைத்துவிட்டு, பழைய காசே கதி என்று இருக்கும் மனிதர். காலை மணி பதினொன்று.

கூடத்தில் இன்னும் மூன்று பேர். சோபாவில் நவீத், கையில் ஒரு மாதிரித் தோல் துண்டு. நாற்காலியில் இஷ்தியாக்கின் மச்சான் தௌசீப். அவரும் காசு சேர்ப்பவர், இந்த ஒரு ரூபாயைக் கேட்டுக் கேட்டு மச்சானைப் பேஜார் பண்ணியவர். கதவோரம், வீட்டு வேலை செய்யும் அம்பிகா. அவள் காலடியில் அவளுடைய பை கவிழ்ந்து கிடந்தது. டிபன் டப்பா, சீப்பு, மாத்திரை அட்டை. யாரும் எடுத்து வைக்கவில்லை.

"கொட்டிக் காட்டுன்னாரு பாய். காட்டிட்டேன்," என்றாள் அம்பிகா. "இந்தத் தெருவுல நாலு வீட்ல வேலை செய்றேன் மேடம். சாயந்திரத்துக்குள்ள எல்லார் காதுக்கும் போய்டும். அப்புறம் எவங்க என்னை உள்ள விடுவாங்க?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாய்க்குப் போனது ஒரு காசு. இவளுக்குப் போவது பிழைப்பு.

"அது இன்னா அவ்வளவு பெரிய ரூபாய்?"

"1939 மேடம், ஆறாம் ஜார்ஜ். 1940 எடுங்க, எங்க பார்த்தாலும் கிடைக்கும். 1939 கண்ல படாது. அதே ராஜா, அதே சைஸு. வருசம்தான் விலை. அதை வாங்க பெங்களூர்ல இருந்து சாயந்திரம் பார்ட்டி வர்றாங்க."

"1938-ல இருக்கிற எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கிடுவானுங்க," என்று எடுத்துக் கொடுத்தார் தௌசீப்.

ஆல்பம் திறந்திருந்தது. காசுகள் எல்லாம் வருடம் தெரியும்படி மேல் நோக்கி இருந்தன. 1938 கறுத்திருந்தது. 1940-ம் கறுத்திருந்தது. நடுவில் 1939 மட்டும் கல்யாணப் பெண்ணாய் மின்னியது.

"நம்ம ஊர்க் காத்துக்கு வெள்ளி கறுத்துடும். என்னோடதும் கறுப்புதான். இது போலி! கைரேகை அழிஞ்சிடும்னு நான் கூடத் தொடல."

"உங்க காசுல அடையாளம்?"

"ராஜா மூக்குக்கு நேரா, விளிம்புல ஒரு சின்னப் பள்ளம்."

"ஆல்பம் வெச்சிருந்த பீரோவோட சாவி?"

"ஆணியில தொங்கும்." நேற்று மூன்று பேருமே வீட்டுக்குள் வந்து போனவர்கள்.

அம்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ கொண்டுவந்தாள். குடித்து முடித்த அமிர்தவள்ளி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பாகம்கூடப் பளபளவென்று இருந்தது. பிறகு நவீத்திடமிருந்து தோல் துண்டை வாங்கினாள். மேலே கண்ணாடி மாதிரி, கீழே சொரசொரப்பு.

"கீழ்ப் பக்கத்தை அப்படியே விட்டுட்டீங்க?"

"அது சதைப் பக்கம் மேடம். யார் பார்க்கப் போறா? மேல் பக்கத்துக்கு மட்டும்தான் ஃபினிஷிங்." அவன் நிமிரவில்லை.

அமிர்தவள்ளி ஆல்பத்திலிருந்து ரூபாயை எடுத்தாள்.

"விளிம்பைப் பிடிங்க மேடம்! முகத்துல விரல் படக் கூடாது!" தௌசீப் துள்ளி எழுந்தார்.

விளிம்பைப் பிடித்தே திருப்பினாள். மறுபக்கத்தில் ராஜா கன்னங்கரேலென்று இருந்தார். மூக்குக்கு நேரே, விளிம்பில் பள்ளம்.

இஷ்தியாக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"திருட்டே நடக்கல பாய். இது உங்க காசுதான், யாரோ தேய்ச்சிருக்காங்க. உங்க மச்சான் விரல் பட்டாலே பதறுறாரு, அவர் தேய்க்க மாட்டார். அம்பிகா தேய்ச்சிருந்தா ரெண்டு பக்கமும் மின்னும். டம்ளர் அடியையே விடாதவங்க. மேல் பக்கத்தை மட்டும் மினுக்கி, அடியை அப்படியே விடுறது யார் பழக்கம்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. நவீத் தானாகவே வாய் திறந்தான்.

"பார்ட்டி வர்றாங்க, அழுக்கா இருந்தா கம்மியாக் கேப்பாங்கன்னு... தொழிற்சாலை பாலிஷ் போட்டேன். மின்னினா விலை ஜாஸ்தின்னு நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க?"

"அது தோலுக்குடா! பழைய காசைத் தேய்ச்சா மதிப்பே போய்டும், எவன் தொடுவான்?" தௌசீப் தலையில் கைவைத்தார்.

"தேய்ச்சதை நான் கேக்கல தம்பி," என்றாள் அமிர்தவள்ளி. "இவங்க பையைக் கொட்டும்போது எங்க இருந்தீங்க?"

"...இங்கதான்."

இஷ்தியாக் ரூபாயை ஆல்பத்தில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சீப்பை எடுத்தார். டிபன் டப்பாவை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்தார்.

"மாத்திரை அட்டை சோபாவுக்கு அடியில போய்டுச்சு பாய்," என்றாள் அம்பிகா. அவள் குனியவில்லை.

நவீத் தரையில் படுத்துக் கையை விட்டுத் துழாவினான்.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார் இஷ்தியாக்.

"பையை மொதல்ல குடுங்க பாய்," என்றாள் அம்பிகா.