ஆல்டர்ஷாவுக்கு ஓர் அப்பா

அந்த ஆண்டுகளில் சோப்புக் கட்டி வாங்கினால் கூடவே ஒரு குழந்தைப் பருவமும் கிடைத்தது. உறைக்குள் இருக்கும் மெல்லிய பட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தூங்கி எழுந்தால் போதும். யாரோ ஒருவர் எப்போதோ ஆற்றில் குளித்த காலைப்பொழுது உங்களுடையதாகிவிடும். அதற்குப் பதியம் என்று பெயர். செடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது போல, ஒருவரின் நினைவை இன்னொருவரின் மூளையில் வேர்விட வைத்தார்கள். கடையில் வாங்கிய நினைவு என்று அறிவுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. பிஸ்கட், சிமெண்ட், காப்பித்தூள் எல்லாம் அப்படித்தான் விற்றன. பதியம் இல்லாத பொருளைக் கடைக்காரர்கள் ஊமைச் சரக்கு என்றார்கள்.

பூங்கோதை பதியங்களைத் திருத்துகிறவள். ஒரகடத்தில் திசையன் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை. எடுத்து வந்த நினைவில் வேண்டாததை வெட்டி, வேண்டியதைத் துலக்கி, விற்பனைக்கு அனுப்ப வேண்டும். தாம்பரத்தில் அப்பா மாசிலாமணியோடு இருந்தாள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், மகளிடம் குரலை உயர்த்திக்கூடப் பேசாதவர்.

திசையன் நிறுவனம் ஒரு செத்துப்போன பெயரை வாங்கியிருந்தது. ஆல்டர்ஷா. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள். அந்தத் தொழிற்சாலை மூடி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது நாய்த் தீனிக் கிடங்கு. வாங்கியது பெயரையும், சிங்கம் பொறித்த சின்னத்தையும் மட்டும்தான்.

நிறுவனத்தின் தலைவர் நிவேதன் புது வண்டியைக் காட்டியபோதே பூங்கோதை முகம் சுளித்தாள். உள்ளே பேட்டரி மோட்டார். பெட்ரோல் டாங்க் போல இருந்தது வெறும் கூடு. என்ஜின் சத்தத்தை ஒரு ஒலிபெருக்கி போட்டது. பழைய வண்டி எண்ணெய் ஒழுகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் நிறுத்திய இடத்தில் கறுப்பு எண்ணெய் சொட்டுவதற்கென்றே அடியில் ஒரு சின்னக் குப்பி வைத்திருந்தார்கள். குப்பி தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

"எப்படி இருக்கு?" என்றார் நிவேதன்.

"ஒழுகறதுக்குக்கூட ஒரு பாகமா சார்?"

"அதுதான் முதல்ல விக்கும். இதுக்கு ஒரு நல்ல ஞாபகம் மட்டும் கிடைச்சா போதும். அசல் ஆல்டர்ஷாவுல போன ஆள் யாராவது உயிரோட இருப்பாங்க. தேடுங்க."

தேடியதில் குன்னூரில் சவரிமுத்து என்று ஒருவர் கிடைத்தார். எண்பது வயது. அவருடைய அப்பா தேயிலை எஸ்டேட்டில் அதிகாரியாக இருந்தவர். இங்கிலாந்துக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து ஆல்டர்ஷாவை வாங்கி வருடக்கணக்கில் ஓட்டியவர்.

நிவேதனும் பூங்கோதையும் போனபோது சவரிமுத்து வாசலிலேயே சொல்லிவிட்டார். "அந்த வண்டிய எனக்குப் பிடிக்காதுங்க. சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்கும்."

"பரவாயில்லைங்கய்யா. உங்க அப்பாகூட அதுல போயிருக்கீங்கல்ல?"

"ஒரே ஒரு தடவ." பெரியவர் பூங்கோதையின் கையிலிருந்த பதிவுப்பட்டையைப் பார்த்தார். "இதுல எடுத்துட்டீங்கன்னா, அப்புறம் அது எனக்குள்ள இருக்காதுல்ல?"

இருக்கும். பதியம் என்பது நகல். அசல் அப்படியே அவருக்குள் கிடக்கும். பூங்கோதை வாயைத் திறப்பதற்குள் நிவேதன், "நிம்மதியா இருப்பீங்கய்யா" என்று சொல்லிவிட்டார். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பெரியவர் தலையை ஆட்டி நெற்றியைக் காட்டினார். பூங்கோதை பட்டையை ஒட்டினாள்.

திருத்தும் வேலையில் நினைவை முழுதாக உள்ளிருந்து பார்த்தாக வேண்டும். திருத்துமேடையில் படுத்து பூங்கோதை ஏழு வயதுச் சவரிமுத்து ஆனாள். டாங்கின்மேல் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் அகன்ற மார்பு. மழை நின்ற சாலை, இரண்டு பக்கமும் தேயிலை, தொடைக்கு அடியில் என்ஜினின் துடிப்பு. அப்பா சிரிக்கிறார். உலகத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதான்.

அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். பிராந்தி நெடி, சூடான எண்ணெய் நெடி. குமட்டுகிறது. அடக்கப் பார்த்தும் முடியாமல் பையன் டாங்கின்மேலேயே வாந்தி எடுத்துவிடுகிறான். வண்டி நிற்கிறது. ஒரு கை பிடரியைப் பிடித்து, அவன் முகத்தாலேயே அந்த வாந்தியைத் துடைக்கிறது. சிங்கச் சின்னம் பளபளக்கும்வரை துடைக்கிறது. பிறகு பெல்ட்.

பூங்கோதை எழுந்து ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு நிவேதனிடம் போனாள்.

"இது வேண்டாம் சார். இதை விக்கக் கூடாது."

"முதல் பாதி எப்படி?"

"முதல் பாதி நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"அப்ப அதோட வெட்டிடுங்க. வாந்திக்கு முன்னாடி."

வெட்டினாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் வெட்டினாள். வெட்டு துல்லியமாக விழ, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப உள்ளிருந்து பார்க்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கை அவள் பிடரியைப் பிடித்தது.

ஆல்டர்ஷா பிய்த்துக்கொண்டு விற்றது. இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் எல்லாம், "எங்கப்பா இதுலதான் என்னக் கூட்டிட்டுப் போவாரு" என்று கண் கலங்கினார்கள். அவர்களுடைய அப்பாக்கள் மொபெட்டிலும் டவுன் பஸ்ஸிலும் போனவர்கள். விளம்பரப் படத்தில் வளர்ந்த ஆள் ஒருவனே டாங்கைத் தடவிக்கொண்டு அழுதான். தெருவெல்லாம் ஒலிபெருக்கி என்ஜின் அதிர்ந்தது; வீட்டு வாசலெல்லாம் கறுப்பு எண்ணெய் சொட்டியது. அதில் வழுக்கி விழுந்தவர்கள்கூட அந்தக் கறையைப் படம் எடுத்துப் போட்டார்கள்.

சவரிமுத்து ஒருநாள் பூங்கோதையைத் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, அது இன்னும் எனக்குள்ளதான் இருக்குது. இப்ப தெருவுலயும் அந்தச் சத்தம். ஊட்டி ரோட்டுல நாள் பூரா அதேதான். நான் எங்கம்மா போறது?"



முதல் புகார் ஏற்காட்டிலிருந்து வந்தது. மலைப்பாதையில் போனவர் ஒருவர் வளைவில் டாங்கின்மேல் வாந்தி எடுத்திருந்தார். பிறகு கொடைக்கானல், கொல்லிமலை. பிறகு வளைவே இல்லாத அண்ணா சாலையில்கூட. சர்வீஸ் நிலையங்களில் புளித்த நாற்றம் வீசும் டாங்குகள் வரிசையாக நின்றன. நினைவை வெட்டலாம், உடம்பின் பயத்தை எங்கே வெட்டுவது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வெட்டின இடத்திலிருந்து அது துளிர்த்தது. காரணம் இல்லாமல் குமட்டும்போது மூளை தானாகவே காரணத்தைக் கட்டிக்கொண்டது. ஒரு கை, ஒரு பெல்ட். அந்தக் கைக்கு ஒரு முகம் வேண்டுமே. ஆளாளுக்குத் தெரிந்த ஒரே அப்பாவின் முகத்தை அதில் ஒட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அசிங்கம். நடக்க முடியாத கிழவர்களைப் பிள்ளைகள் உட்கார வைத்து விசாரித்தார்கள். பேரனைத் தூக்க விடவில்லை. சிலர் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நிறுவனம் பதியத்தை அகற்றித் தருவதாக அறிவித்தது, யாரும் வரவில்லை. "எனக்கு நடந்ததை மறைக்கப் பார்க்கறீங்களா?" என்று கேட்டார்கள்.

பூங்கோதைக்கு எல்லாம் தெரியும். அந்தக் கை யாருடையது என்று அவளைவிடத் தெளிவாகத் தெரிந்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒரு காலையில் மாசிலாமணி அலமாரியின் மேல் தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கியபோது, அவள் சட்டென்று குனிந்து இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டாள்.

அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. வேலை. வேலையால வந்தது."

"என்னப் பாத்து பயந்தியா?"

"உங்களப் பாத்து இல்லப்பா."

அவர் நம்பவில்லை. சர்க்கரை போடாமலே காப்பியைக் கலந்து அவள் முன்னால் வைத்தார். அன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து, தொடாமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "கோதை, உங்கம்மா போன சமயத்துல நான் நானாவே இல்ல. அப்ப ஏதாவது தெரியாம கை நீட்டியிருந்தா... மன்னிச்சிடும்மா."

"நீங்க அடிச்சதே இல்லப்பா! ஒரு தடவகூட இல்ல!" என்று கத்தினாள். கத்தும்போதே பிடரி கூசியது.

மறுநாள் நிவேதன் ஆட்களைக் கூட்டிவைத்துப் புதுத் திட்டத்தைச் சொன்னார். "மக்களுக்கு இப்ப என்ன தேவை? ஒரு மன்னிப்பு. அந்த அப்பா வந்து அழுது மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒரு பதியம். ஆல்டர்ஷா சின்னத்தோட, தனிப் பெட்டியில விக்கலாம். நடிகர்கள்கிட்ட எடுத்துப் பாத்தாச்சு. மூளை ஏத்துக்க மாட்டேங்குது. நெஜமாவே குத்த உணர்ச்சி இருக்கற ஒரு அப்பா வேணும்."

வாந்தி எடுக்க வைத்துவிட்டு அதைத் துடைக்கத் துணியும் விற்கிற ஆள். பூங்கோதைக்கு அவர் போட்டிருந்த வாசனைத் திரவியம்கூடப் புளித்து நாறுவது போலிருந்தது. அங்கேயே வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தாள். வரும் வழியில் தோழி ஒருத்தியிடம் அப்பா மன்னிப்புக் கேட்டதைச் சொல்லி அழுதாள். தோழி இன்னமும் அங்கே வேலை செய்கிறவள். பூங்கோதைக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அவள் வேறு வேலை தேடி அலைந்த வாரத்தில் நிவேதன் அவள் வீட்டுக்கே போயிருக்கிறார். "உங்க பொண்ணுக்குச் சரியாகணும்னா உங்களாலதான் முடியும்" என்று மாசிலாமணியிடம் சொல்லியிருக்கிறார். மகளுக்காக என்றதும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை, காரில் ஏறிவிட்டார். எதற்காக மன்னிப்பு என்பது அவர் மனதில் தெளிவாக இருக்கவேண்டும் என்று, பூங்கோதை வெட்டி எறிந்த அந்த இரண்டாவது பாதியை எடுத்து அவருக்குப் பதித்தார்கள். அடிபட்ட பையனின் இடத்தில் மகளையும், அந்தக் கையின் இடத்தில் தன் கையையும் அவர் மூளை வைத்துக்கொண்டது. அவர் அழுதார். இன்னும் நன்றாக வரவேண்டும் என்று திரும்பத் திரும்ப அழ வைத்தார்கள்.

மன்னிப்புப் பெட்டி வண்டியைவிட வேகமாக விற்றது. அதை வாங்கியவர்கள் மலைப்பாதையில் வாந்தி எடுக்கவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போய் அப்பாக்களைப் பெருந்தன்மையாக மன்னித்தார்கள். அந்தக் கிழவர்கள் எதற்கென்று தெரியாமலே தலையாட்டினார்கள். கொஞ்ச நாளில் திசையன் வண்டி செய்வதையே நிறுத்திவிட்டது. ஆல்டர்ஷா என்ற பெயரில் மன்னிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது, சிங்கச் சின்னத்தோடு.

மாசிலாமணி மகள் இருக்கும் அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.

"நீங்க அடிக்கலப்பா. அது உங்களுக்குப் பதிச்சது."

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா. உன் கழுத்து எவ்வளவு மெலிசா இருந்துதுன்னுகூட இந்தக் கைக்கு ஞாபகம் இருக்கு."

அகற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டாள். முன்பே அகற்றியிருக்கலாம், இப்போது வேர் மகளைப் பற்றிய மற்ற நினைவுகளோடு பின்னிவிட்டது, பிடுங்கினால் எல்லாம் சேர்ந்து வரும் என்றார் மருத்துவர். கடைசியாக அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. குன்னூருக்குப் போய்ச் சவரிமுத்துவின் முன்னால் நின்றாள். நகல் என்று தெரிந்தும் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொண்டாள், அப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்லி வரக் கேட்டாள். பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

தாம்பரம் வீட்டில் இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பூங்கோதை சுவரோரம் நின்றாள். சவரிமுத்து நிதானமாகச் சொன்னார். மழை நின்ற சாலை, டாங்க், வாந்தி, பிடரியைப் பிடித்த கை. எஸ்டேட்டின் பெயரைச் சொன்னார், வருடத்தைச் சொன்னார். காலரை இறக்கி, பெல்ட்டின் கொக்கி கிழித்த பழைய தழும்பைத் திரும்பிக் காட்டினார்.

"பாத்தீங்களாங்க? இது எங்கப்பா பண்ணது. நீங்க இல்ல. உங்க பொண்ணும் இல்ல, அந்த வண்டியில இருந்தது நான்தான். எங்கப்பா சாகற வரைக்கும் மன்னிப்புன்னு ஒரு வார்த்த கேக்கலங்க. நீங்க எதுக்குங்க அழுவறீங்க?"

மாசிலாமணி அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மெல்ல ஏதோ தெளிவது போலிருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, சவரிமுத்துவைக் கும்பிட்டார்.

"ஐயோ," என்றார். "உங்களையுமா அடிச்சேன்?"